கண்ணும் கருத்தும்

அவதானம் என்பது கவனம் எனப் பொருள்படும். ஒரே அவையில் பலர் தொடுக்கும் வினாக்களையும் செயல்களையும் நெஞ்சில் நிறுத்தி, ஒன்றும் வழுவாது விடையிறுப்பதே அவதானக் கலையாகும். எட்டாயின் அட்டாவதானம், நூறாயின் சதாவதானம். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தி, அக்கலைக்குப் பெருமை சேர்த்தார்.

அவதானி ஈற்றடிக்கேற்ப வெண்பா பாடுவார். கணக்கிற்கு விடை கூறுவார். இடையே முதுகின்மேல் விழும் நெல்லையும் ஒலிக்கும் மணியையும் எண்ணிவருவார். கண், செவி, மெய் ஆகிய பொறிகள் தத்தம் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் கருத்தூன்றி ஆற்றும் பணிகளில் மனம் ஒன்றைவிட்டு மற்றொன்றிற்கு விரைந்து தாவுகின்றது என்பதே உளவியலார் துணிபு. கூட்டலையும் கழித்தலையும் மாறிமாறிச் செய்வோர் கூடுதல் நேரம் கொள்வதை ஜெர்சில்டு என்பார் 1927இல் காட்டினார். பயிற்சியால் இவ்விழப்புக் குறையும், முற்றும் நீங்குவதில்லை. அருப்புக்கோட்டை நெசவாளரின் காலும் கையும் தறியோடு பழகிப்போனமையால் அன்றோ, அவர்தம் கண் அறுந்த இழையைத் தேட இயல்கின்றது!

மனத்தின் உழைப்பைக் கண் வெளிப்படுத்தும். பெருக்கற் கணக்குக் கடினமாகுந்தோறும் கண்மணி விரிவதை ஹெஸ், போல்ட் இருவரும் 1964இல் கண்டனர். எண்களை நினைவிற் கொள்ளுந்தோறும் அது விரிந்து, திருப்பிச் சொல்லுந்தோறும் சுருங்குவதைக் கானமன், பீட்டி ஆகியோர் 1966இல் அளந்தனர். மேலும், கடினமான வினா எழுங்கால் நாம் எதிரிலிருப்பவர் முகத்தினின்று பார்வையை அகற்றுகின்றோம். ஐந்து வயதுக் குழந்தைகளை அவ்வாறு பார்வையை விலக்கப் பழக்கியபோது, அவர்கள் மேலும் சரியாக விடையளித்ததை ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006இல் வெளியிட்டனர்.

பந்தல்குடியிலாயினும் சென்னையிலாயினும், மனக்கணக்குக் கேட்கப்பெற்ற சிறுவன் மேலே நோக்கினால், "விட்டத்திலா விடை இருக்கிறது?" எனக் கடிவது நம் வழக்கம். அவன் கண் விலகியது கருத்து ஒன்றியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அவ்வேளையில் அவன் வேண்டுவது சிறிது அமைதியே. ஆசிரியப் பெருமக்கள் நொடிப்பொழுது பொறுத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே! பாடம் பயிலும் வேளையில் தொலைபேசியை அகற்றி வையுங்கள். நூறு செயலை நெஞ்சில் நிறுத்திய பெரியோரும் ஒவ்வொன்றிலும் முழுக்கருத்தை ஊன்றியே வென்றனர் என்பதை மறவாதீர்!