நாலு பேருக்கு நாலு தடவை

ஈப்போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மீ நூடுல்ஸ் குழைந்து, கறுத்து, தட்டோடு ஒட்டிக்கிடக்கிறது. "கடையில் போடுகிற அதே மீ, அதே சோயா கிச்சாப்பு, எனக்கு மட்டும் ஏன் அத்தை இப்படி வருகிறது?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நாலு பொட்டலத்தையும் ஒரே தடவையில் கொட்டியிருக்கிறாய், இல்லையா? கூடத் தங்கியிருக்கிற பிள்ளைகளும் பசியோடு இருப்பார்கள், எல்லாருக்கும் சேர்த்துப் பிரட்டிவிடலாம் என்று நினைத்திருப்பாய். நல்ல மனசுதான். ஆனால் மீ கெட்டது அங்கேதான்.

சீனர் கடை அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறாயே. தீ குவாலிச் சட்டியின் அடியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும், இரைச்சல் ரோடு வரைக்கும் கேட்கும். வீட்டு அடுப்பின் தீயைவிட அது பல மடங்கு. ஈரம் இருக்கிறவரை குவாலியில் கிடப்பது 100 டிகிரியைத் தாண்டாது. மீ சிவந்து மணக்க 140 டிகிரி பக்கத்திலாவது போக வேண்டும். கடைக்காரரின் தீ அந்த ஈரத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் விரட்டிவிடும். உன் அடுப்பால் ஒரு ஆள் மீயின் ஈரத்தைத்தான் அப்படி விரட்ட முடியும். நாலு ஆள் மீ தன் ஆவியிலேயே வெந்துவிடும். நீ மீயை வறுக்கவில்லை பாப்பா, அவித்துவிட்டாய். நிறம் வரவில்லையே என்று கிச்சாப்பை இன்னும் ஊற்றியிருப்பாய். அதுவும் ஈரம்தானே.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கன்டனீஸ் பாட்டி. அந்த வீட்டில் ஏழு பேர். பாட்டி ஏழு தடவை குவாலியை ஏற்றுவார். ஒரு தட்டு வந்ததும் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போய்விடுவார், அடுத்த தட்டு அடுத்தவருக்கு. முதல் தடவை பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நமக்குப் பந்திதானே பழக்கம். எல்லாரும் உட்கார்ந்து, எல்லா இலையிலும் பரிமாறின பிறகுதான் கை வைப்போம். அந்தப் பழக்கத்தை விட மனசில்லாமல், உன் பெயர் சூட்டு விழா முடிந்த ராத்திரி பதினோரு பேருக்கு ஒன்றாக மீ பிரட்டினேன். உன் தட்டில் இருப்பதைவிட மோசமாக வந்தது. வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. 'வோக் ஹெய்' என்பார்கள், குவாலியின் மூச்சு என்று அர்த்தம். தட்டுக்கு வந்த சில நிமிடத்தில் போய்விடுகிற மணம் அது. காத்திருந்து பரிமாறினால் யாருக்குமே கிடைக்காது.

நம் ஊர்க் கடைகளில் கன்டனீஸ் மீ என்றால் முட்டை கலந்த குழம்பு ஊற்றித் தருவார்கள். நான் சொல்வது வேறு. ஹாங்காங்கில் காலையில் அரிசிக் கஞ்சியோடு சாப்பிடுகிற, குழம்பே இல்லாத மெல்லிய மீ. மீயை மட்டும் நம்பிச் செய்கிறது என்பதால் கற்றுக்கொள்ள இதுதான் நல்லது.

பாசாரில் மெல்லிய முட்டை மீயாகப் பார்த்து வாங்கு. முகர்ந்தால் லேசாகக் காரத்தண்ணீர் வாடை வரும், பயப்படாதே. மாவில் அந்தக் காரம் சேர்ப்பதால்தான் மீ மஞ்சளாகி, கடித்தால் துள்ளுகிறது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம்கூட வேண்டாம், சிக்கு பிரிந்தவுடன் எடுத்துப் பச்சைத்தண்ணீரில் அலசு. பானை சின்னது என்று மீயை ஒடித்துப் போடாதே. சீனர்கள் பிறந்தநாளுக்கு மீ சமைப்பதே அதன் நீளத்துக்காகத்தான், நீளம் என்றால் ஆயுள். சீனாவின் சிங்காய் மாநிலத்தில் லாஜியா என்ற இடத்தில், மண்ணுக்கடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்துக்குள் 4,000 வருடத்துக்கு முந்தின மீ கிடைத்தது. 2005இல் அதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள், தினை, பனிவரகு மாவில் செய்தது என்றார்கள். அரை மீட்டர் நீளம். நாம் முருகனுக்குத் தேனோடு படைக்கிற அதே தினை. படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அலசின மீயைத் தட்டில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வை. இந்த அரை மணியைத் திருடாதே. விரலால் தொட்டால் மேலே காய்ந்து, காகிதம் மாதிரி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தௌகே முளைப்பயறின் வாலைக் கிள்ளு, வெங்காயத்தாளை நறுக்கு. ஒரு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி வெளிர் கிச்சாப்பு, ஒரு தேக்கரண்டி கறுப்புக் கிச்சாப்பு, ஒரு சிட்டிகை சீனி, மூன்றையும் கிண்ணத்தில் கலந்து அடுப்புப் பக்கத்திலேயே வை. ருசி வெளிரில் இருக்கிறது, கறுப்பு நிறத்துக்கு மட்டும். உப்பு தேவையில்லை.

வெறும் குவாலியைப் புகை வரும்வரை காயவை. பிறகுதான் எண்ணெய். மீயைப் பரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முப்பது வரைக்கும் எண்ணு. கிளறத் தோன்றும், கிளறாதே. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் செம்பழுப்பாக வலை பின்னின மாதிரி தெரியும். அப்போது திருப்பிப் போடு. சத்தம் சடசடவென்று இருந்தால் சரி. புஸ்ஸென்று அடங்கினால் ஈரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறு. பிறகு கிச்சாப்பைக் குவாலியின் ஓரத்தைச் சுற்றி விடு, மீயின் தலையில் ஊற்றாதே. சூடான இரும்பில் பட்டுப் பொங்கி இறங்கும்போதுதான் அந்த மணம் வரும். சாப்ஸ்டிக்கால் தூக்கித் தூக்கிப் பிரட்டு, சட்டுவம் மீயை நறுக்கிவிடும். கடைசியில் தௌகேயும் வெங்காயத்தாளும். இருபது நொடி போதும், இறக்கிவிடு.

உன்னிடம் இருக்கிற ஒட்டாத சட்டியில் இதைச் செய்யாதே. வெறும் சட்டியை அவ்வளவு காயவைத்தால் அந்தப் பூச்சிலிருந்து கெட்ட புகை வரும். என் பழைய இரும்புக் குவாலியை உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார். சோப்புப் போடாமல் வெந்நீரில் தேய்த்து, தீயில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை. பாசாரில் வாங்கின மீயும் நாலு பொட்டலம் வருகிறது.

அப்பா பசியோடு வந்து இறங்குவார். முதல் தட்டை அவருக்குக் கொடு. "எல்லாரும் உட்காரட்டும்மா" என்பார். கேட்காதே, சூடு இருக்கும்போதே சாப்பிடச் சொல்.

அன்புடன்,
அத்தை