நட்ஸ் அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தீபாவளிப் பலகாரம்: பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தீபாவளி வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தட்டு நீளும். கத்லியில் முந்திரி, மிக்சரில் வேர்க்கடலை, பாதுஷா மேல் பிஸ்தா சீவல். நட்ஸ் அலர்ஜி உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அந்த வாரம் முழுக்க வயிற்றில் நெருப்புதான். அதற்காக இனிப்பையே கண்ணில் காட்டாமல் இருப்பது பிள்ளைக்கு நியாயமாகாது. பலகாரத்தில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது எந்த எண்ணெயில் வெந்தது, எதன் பக்கத்தில் இருந்தது என்றும் பார்த்தால் பண்டிகையை நிம்மதியாகக் கொண்டாடலாம்.

1. ஆகாதது எது என்று உறுதி செய்யுங்கள்

வேர்க்கடலை பயறு வகையைச் சேர்ந்தது. முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட் எல்லாம் மரத்தில் காய்ப்பவை. ஒன்று ஆகாத பிள்ளைக்கு இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், ஒன்று ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. தேங்காய் பலருக்கும் பிரச்சினை தருவதில்லை. எனினும் தேங்காய், எள் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்' என்று வீட்டில் சோதனை செய்யவே கூடாது.

2. கடையில் எடை போட்டுத் தரும் இனிப்பைத் தவிர்த்துவிடுங்கள்

மைசூர்பாகில் கடலை மாவு, சர்க்கரை, நெய் மட்டும்தான். ஆனால் கத்லி வெட்டிய கத்தியே அதையும் வெட்டியிருக்கலாம். முந்திரி லட்டு எடுத்த கையே அதையும் எடுத்திருக்கலாம். பல இனிப்புகளைக் கலந்து அடுக்கிய பெட்டியில் ஒன்றின் தூள் இன்னொன்றில் ஒட்டும். மேலே இருக்கும் முந்திரியைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொடுப்பதும் பாதுகாப்பல்ல.

இதில் கலப்பட ஆபத்தும் உண்டு. முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை சேர்த்த கத்லியும், பச்சைச் சாயம் ஏற்றி பிஸ்தா என்று விற்கும் வேர்க்கடலைச் சீவலும் சந்தையில் வருவதுண்டு. அதனால் வேர்க்கடலை மட்டும்தான் ஆகாது என்றாலும் கத்லியை நம்பிக் கொடுக்காதீர்கள்.

3. பாக்கெட் என்றால் லேபிளை முழுவதும் படியுங்கள்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் வேர்க்கடலையோ மரக்கொட்டைகளோ இருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். பொருள் பட்டியலுக்கு அருகில் 'கன்டெயின்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 'மே கன்டெயின்' என்று இருந்தால், பொருளில் சேர்க்காவிட்டாலும் தயாரிப்பின்போது கலந்திருக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடுங்கள்.

எள் இந்தக் கட்டாய அறிவிப்புப் பட்டியலில் இல்லை. எள் ஆகாத பிள்ளை என்றால் பொருள் பட்டியலை வரிவரியாகப் படிப்பதுதான் வழி.

போன வருடம் வாங்கியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். தயாரிப்பு முறை மாறலாம். அதே சாக்லேட்டின் பண்டிகைப் பெட்டி வேறு ஆலையில் தயாராகியிருக்கலாம். சந்தேகம் வந்தால் பாக்கெட்டில் உள்ள நுகர்வோர் எண்ணை அழைத்து, "இதே இயந்திரத்தில் நட்ஸ் சேர்த்த பொருளும் தயாராகிறதா?" என்று கேளுங்கள்.

4. எண்ணெயைக் கேளுங்கள்

முறுக்கு, ரிப்பன் பக்கோடாவில் நட்ஸ் இல்லை என்று அசந்துவிடாதீர்கள். மிக்சருக்கு வேர்க்கடலை பொரித்த எண்ணெயிலேயே முறுக்கும் வெந்திருக்கும். தட்டையில் பலர் வேர்க்கடலையை உடைத்துச் சேர்ப்பார்கள். நன்கு சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் அந்தப் புரதம் தங்கியிருக்கும், அலர்ஜியைத் தூண்டுவதும் அதுதான். அதிரசம் வாங்கும்போதும் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். பொதுவாக 'கடலை' என்று கேட்டால் பொட்டுக்கடலையா, கடலைப்பருப்பா என்று குழப்பம் வரும். 'வேர்க்கடலை' என்றே சொல்லிக் கேளுங்கள்.

5. ஒன்றிரண்டு பலகாரமாவது வீட்டில் செய்யுங்கள்

எளிதானது மாலாடு. பிள்ளை ஏற்கெனவே பொட்டுக்கடலை சாப்பிட்டுப் பழகியிருந்தால் தயங்காமல் செய்யலாம். ஒரு கப் பொட்டுக்கடலை, முக்கால் கப் சர்க்கரை, இரண்டு ஏலக்காய் சேர்த்து நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அரை கப் நெய்யை உருக்கி, சிறிது சிறிதாக ஊற்றிச் சூட்டோடு உருண்டை பிடியுங்கள். முந்திரி வேண்டாம்.

பொட்டுக்கடலையைச் சில்லறையாக வாங்காதீர்கள். மளிகைக் கடையில் வேர்க்கடலை மூட்டையில் போட்ட அளவையையே இதிலும் போடுவார்கள். லேபிள் பார்த்து பாக்கெட் வாங்குங்கள். மிக்சி ஜார், சல்லடை, ஜல்லிக்கரண்டி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நட்ஸ் பலகாரம் செய்வதென்றால் பிள்ளையுடையதை முதலில் செய்து மூடி வைத்துவிடுங்கள்.

6. சொந்தபந்தத்திடமும் பள்ளியிலும் முன்கூட்டியே சொல்லுங்கள்

"ஒரு வாய்தானே, பண்டிகை நாளில் என்ன ஆகிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். அது பாசம். அந்தப் பாசத்திடம் கோபப்படாமல், "பாட்டி, இது சாப்பிட்டால் இவனுக்கு மூச்சு நின்றுவிடும் அபாயம் இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியருக்கு எழுதியே கொடுங்கள். பிள்ளைக்கென்று பெயர் எழுதிய டப்பா ஒன்றைக் கையோடு அனுப்புங்கள். "அம்மாகிட்ட கேட்டுட்டுதான் சாப்பிடுவேன்" என்று சொல்லப் பழக்குங்கள். நட்ஸ் தொட்டவர்கள் பிள்ளையைத் தூக்கும் முன் கையைச் சோப்பால் கழுவட்டும். சானிடைசர் போதாது.

7. அவசர ஏற்பாடு இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள்

தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, இருமல், மூச்சிரைப்பு, குரல் மாற்றம், துவண்டு போதல் இவற்றைக் கவனியுங்கள். மூச்சுத் திணறினாலோ துவண்டாலோ, மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். ஊசி கையில் இல்லையென்றால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அலர்ஜி மாத்திரையோ சிரப்போ அந்த ஊசிக்கு ஈடாகாது. பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் வரலாம். எனவே மருத்துவர் போகச் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருங்கள். ஊசி எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் தீபாவளிக்கு முன்பே செய்து காட்டிவிடுங்கள்.