பல் போன இடத்தில் எலும்பு

நம்பிக்கை: "பல்லைப் பிடுங்கியாச்சு, புண் ஆறட்டும். இம்ப்ளான்ட்டை ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

உண்மை: புண் ஆறும், எலும்பு காத்திருக்காது. பல்லைத் தாங்கத்தான் தாடையில் எலும்பு மேடு இருக்கிறது. பல் போனால் உடலே அதைக் கரைக்கத் தொடங்கிவிடும். முதல் 6 மாதத்தில் அகலம் மட்டும் சராசரியாக 3 முதல் 4 மில்லிமீட்டர் குறைகிறது. இம்ப்ளான்ட் எனும் டைட்டானியம் திருகின் தடிமனே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். அதற்கு இருபுறமும் எலும்புச் சுவர் வேண்டும். எப்போதோ கடைவாய்ப்பல் எடுத்த இடத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். பல் எடுக்கும் அன்றே குழியை எலும்புத் துகளால் நிரப்பினால் இந்த இழப்பு முழுதும் நிற்காது, ஆனால் நன்றாகக் குறையும். அதனால் பிடுங்குவதற்கு முன்பே இம்ப்ளான்ட் பேச்சை எடுங்கள்.

நம்பிக்கை: "எலும்பு வைக்கிறதுன்னா இடுப்பை அறுத்து எடுப்பாங்க."

உண்மை: தாடையில் பெரும் பகுதி போனவர்களுக்கு அது தேவைப்படலாம். ஒன்றிரண்டு பல்லுக்கு வருவது ஒரு சின்னக் குப்பி. உள்ளே வெள்ளை ரவை போலத் துகள்கள். நோயாளியின் ரத்தத்திலோ உப்புநீரிலோ குழைத்தால் ஈர மணலாகச் சேர்ந்துகொள்ளும். குழியில் வைத்து, மெல்லிய சவ்வால் மூடி, தையல் போடுவார்கள். பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும்.

அந்த ரவை எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை, சொல்லப்படுவதுமில்லை. இது எனக்கு உறுத்துகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகை, மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கி, தாதுவை மட்டும் எடுத்தது. இன்னொன்று மனித எலும்பு வங்கியிலிருந்து வருவது. சவ்விலும் மாடு, பன்றியின் கொலாஜன் இருக்கலாம். சைவ உணவுக்காரர்களுக்கும் மதக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல. செயற்கை கால்சியம் பாஸ்பேட் துகளும் இருக்கிறது. கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

நம்பிக்கை: "வெச்ச எலும்பு அப்படியே பல்லைப் பிடிச்சுக்கும்."

உண்மை: வைப்பது சாரம்தான். கட்டடம் எழுப்ப வேண்டியது உங்கள் ரத்தக்குழாய்களும் செல்களும். அதற்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம், மேல்தாடையில் சைனஸ் எனும் காற்றறையின் தரையை உயர்த்தி வைத்தால் சில சமயம் 9 மாதம்கூட ஆகும். சிகரெட்டும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் இந்த வேலையைக் கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: "இம்ப்ளான்ட்னா எலும்பு வைக்கிற கிராஃப்ட்டும் கட்டாயம்."

உண்மை: இல்லை. எலும்பு போதுமான அளவு இருந்தால் தேவையே இல்லை. முப்பரிமாண ஸ்கேனில் அகலமும் உயரமும் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். படத்தைத் திரையில் காட்டச் சொல்லி, உங்கள் அளவு எத்தனை என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.