பல குரல், ஒரு பாட்டு

நுழையும்முன்

காலை வழிபாட்டில் அனைவரும் சேர்ந்து பாடுகிறோம். மெட்டு உயரும்போது சிலர் குரல் பிசிறடிக்கிறது. தாழும்போது சிலர் குரல் அடங்கிவிடுகிறது. பாடாமல் உதட்டை மட்டும் அசைப்போரும் உண்டு. குறை அவர்களிடம் இல்லை. எல்லாக் குரலுக்கும் ஒரே வழியை வகுத்ததில் உள்ளது. அவரவர் குரலுக்கு ஏற்ற வழியை வகுத்துத் தரும் கலையே சேர்ந்திசை அமைப்பு.

நான்கு குரல்கள்

மேலைச் சேர்ந்திசையில் பெண்களின் உயர்ந்த குரலைச் சொப்ரானோ என்றும் தாழ்ந்த குரலை ஆல்ட்டோ என்றும் அழைப்பர். ஆண்களின் உயர்ந்த குரல் டெனர்; தாழ்ந்த குரல் பேஸ். இசையமைப்பாளர் நான்கிற்கும் தனித்தனி மெட்டை அமைப்பார். அவை ஒலிக்கும்போது ஒன்றோடொன்று இசைந்து நிற்றல் வேண்டும். கீழ்க்குரல்களின் சுரங்கள் நெருங்கினால் ஒலி கலங்கும். ஆதலின் கீழே இடைவெளியை அகலமாக வைப்பர். நீண்ட சுரத்தைப் பாடுவோர் முறைவைத்து மூச்சு வாங்குவதால் ஒலி அறுபடுவதில்லை.

இராகமும் இசைவும்

நம் மரபிசை ஒற்றை மெட்டின் வழியே இராகத்தை வளர்ப்பது. அதில் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்தால் இராகம் சிதையாதா? இவ்வினா நியாயமானதே. மோகனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே உண்டு. மேலை இசையின் அடிப்படையான முச்சுரச் சேர்க்கைகளுள் ச-க-ப, த-ச-க ஆகிய இரண்டு மட்டுமே இதற்குள் அடங்கும். பிறவற்றுக்கு அயற்சுரம் வேண்டும். அயற்சுரம் நுழைந்தால் மோகனம் மறையும். அதனால், அமைப்பாளர் ஆதார சுரத்தை ஒரு குரலுக்கு நிலையாகத் தருவார். ஒரு குரல் பாடியதை மற்றொரு குரல் சற்றுப் பின்தொடர்ந்து பாடச் செய்வார்.

சொல் காத்தல்

தமிழில் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. ‘கல்’ என்பதை நீட்டினால் ‘கால்’ ஆகிவிடும். எனவே நீளும் சுரத்தில் நெடிலை அமைத்தல் நன்று. மெய்யிலும் வேறுபாடு உண்டு: ‘ம்’, ‘ன்’ ஆகியவற்றை நீட்டி ஒலிக்கலாம், ‘க்’, ‘ட்’ ஆகியவற்றில் ஒலி நின்றுவிடும். குரல்கள் வெவ்வேறு சொற்களை ஒரே நேரத்தில் பாடினால் பொருள் விளங்காது. கருத்துச் செறிந்த அடியில் அனைவரும் ஒரே சொல்லை ஒருங்கே பாடுதல் வேண்டும்.

தமிழகத்தில் ஒரு முன்னோடி

திரையிசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்னும் குழுவை உருவாக்கினார். பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் சேர்ந்திசையாக அமைத்தார். மேலை முறையை அப்படியே படியெடுக்காமல் நம் பாடல்களுக்கேற்பப் பயன்படுத்த இயலும் என்பதை அவருடைய பணி காட்டியது.

கற்பவை கற்றபின்

நீங்கள் அறிந்த பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழு ஆதார சுரத்தைப் பிடிக்க, ஒரு குழு பாட, மற்றொரு குழு பின்தொடரட்டும். உதட்டை மட்டும் அசைத்தவருக்கு எக்குழு பொருந்துகிறது என்று கண்டறியுங்கள்.