கோபுரம் அளந்த மழை

தொலைபேசிக் கோபுரங்கள் நுண்ணலை மூலம் ஒன்றோடொன்று பேசுகின்றன. இடையில் மழை பெய்தால் அலை வலுவிழக்கும். அந்த இழப்பைக் கொண்டு மழையளவைக் கணக்கிடலாம்; புதுக்கருவி தேவையில்லை. 2019இன் இறுதி மாதங்களில் டயலொக் கோபுரங்களில் பதிவானவற்றைக்கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் இலங்கை மழையை இவ்வாறு கணித்து, 2021இல் வெளியிட்டனர்.

வயலை விட்டு வந்த நமக்குப் பொகவந்தலாவைச் சரிவுகள் புதியவை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்த லயங்களை மண் மூடியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பு, 100 எச்சரிக்கை, 150 வெளியேற்றம் என்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்.

நேர்ச்சுவருள்ள பேணியொன்றை முற்றத்தில் வைப்போம். நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அடிக்கடி அளப்போம். நிலம் வெடித்தாலோ, ஊற்றுநீர் கலங்கினாலோ அளவுக்குக் காத்திராமல் வெளியேறுவோம்.