எடைக்குப் போடும் முன்

பொள்ளாச்சி

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிங்க பெரியப்பா, சரிங்க பெரியப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் நிறுத்த முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பனின் பட்டறை ஷெட்டை இடித்துவிட்டு ரெண்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விடப்போகிறாய் என்றும், உள்ளே இருக்கிற சாமானையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொள்ள உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஆளிடம் பேசி அட்வான்ஸ்கூட வாங்கிவிட்டாய் என்றும் உன் அம்மா சொன்னது. உன் வீடு, உன் இடம். செய்யாதே என்று சொல்ல நான் யார்? எனக்கு இருப்பது ஒரே கேள்வி. ஏன் இத்தனை அவசரம்? அப்பனின் வருஷத் திதிகூட இன்னும் வரவில்லை. பெங்களூர் ஃபிளாட்டுக்குத் தவணை இறுக்குகிறதா? கடன் கிடன் ஏதாவது இருந்தால் ஒளிக்காமல் சொல். உன் அப்பன் மாதிரி உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே.

போன வாரம் அம்மாவைப் பார்க்க வந்தவன், சாவி வாங்கி ஷெட்டைத் திறந்து ஒரு மத்தியானம் முழுக்க உள்ளேயே இருந்துவிட்டேன். எனக்கு லேத்து ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன். ஆனாலும் கூடப் பிறந்தவனைப் பற்றி அத்தனை வருஷத்தில் தெரியாதது அந்த ஒரு மத்தியானத்தில் தெரிந்தது.

முதல் டிராயரைத் திறந்து பார். மரப்பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி மைக்ரோமீட்டர் இருக்கும். அதன் ரெண்டு முகமும் ஒட்டாமல், மயிரிழை இடைவெளி விட்டு வைத்திருக்கிறான். இறுக்கி மூடி வைத்தால் வெயிலுக்கு இரும்பு விரியும்போது முகங்கள் ஒன்றையொன்று நெருக்கி அளவு கெட்டுவிடுமாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்கூட அவன் ஷெட்டில் இருந்தான் என்று அம்மா சொன்னது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்கும் அந்த இழையை விடாமல் பார்த்துத்தான் பெட்டியை மூடியிருக்கிறான்.

அப்புறம் சக் சாவி. அதன் மூக்கில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டி வைத்திருக்கிறான். கையை எடுத்ததும் சாவி சக்கில் நிற்காமல் துள்ளி வெளியே விழுந்துவிடும். சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு மோட்டாரைப் போட்டால் அது பறந்து வந்து ஆளை அடிக்கும். அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஒருத்தருக்கு அப்படித்தான் தாடை உடைந்தது. அதை நம்மிடம் ஒரு கதையாகக்கூட அவன் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பிரிங்கைத் தேடி மாட்டினான், அவ்வளவுதான்.

லேத்துக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருக்கிற ஒட்டுப்பலகை வட்டத்தைப் பழைய பலகை என்று நினைத்துவிடாதே. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது. பட்டையில் பென்சில் கோடுகள், பத்துக்கொரு தரம் எண். கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா, எண்ணினேன். 127. அந்த லேத்து இஞ்ச் காலத்து லேத்து. 1956இல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகு ஊர் மெல்ல மெல்ல மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர், அஞ்சு இஞ்சுக்கு 127. அதனால் இஞ்ச் லேத்தில் மில்லிமீட்டர் மரை துல்லியமாக வெட்ட வேண்டுமென்றால் 127 பல் உள்ள கியர் வேண்டும். 127 பகா எண். பாதி, கால் என்று பிரிக்கவே முடியாது. கடையில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்திருப்பான். பெரிய வட்டத்தில் பிரித்துச் சின்ன வட்டத்துக்கு இறக்கினால் கோட்டில் இருக்கிற தப்பும் சேர்ந்து சிறுத்துவிடும் என்று கண்டுபிடித்து, பட்டை ஒட்டி, ஒவ்வொரு பல்லாக வெட்டியிருக்கிறான். கடைசிக் கோடு முதல் கோட்டோடு சேராமல் ஒட்டின பட்டையைக் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டிய தடமும் பலகையில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கில் என்னிடமே பிரம்படி வாங்கியவன் அவன்! ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டான்.

உக்கடத்து ஆள் அந்தப் பலகையை அடுப்புக்கு எடுப்பான். கியரைக் கிலோக்கணக்கில் எடுப்பான். இந்தக் கிலோக்கணக்கு என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

வடக்கு வீட்டுப் பெரிய தாத்தா செய்த காரியம்தான். பைகாரா மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்து, மில் மேல் மில்லாக எழும்பிய காலத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தவர் உன் தாத்தா. அவருடைய சாமானில் பாதி கடையில் வாங்கியதல்ல. தேய்ந்துபோன அரத்தைத் தீட்டிச் சுரண்டி செய்வார், உடைந்த ஸ்பிரிங்கை அடித்து உளி செய்வார். அவருடைய கருமாதி முடிந்த மறுநாள், ஈரம்கூடக் காயவில்லை, பெரிய தாத்தா ஒற்றை மாட்டு வண்டி கொண்டுவந்து அத்தனையையும் ஏற்றினார். நாங்கள் சின்னப் பையன்கள், என்ன செய்ய முடியும்? "இரும்பை வைத்து என்ன செய்யப் போறீங்க, பையன்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டணும்" என்றார். சம்பளம் கட்டினார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தராசுக்கு அரம் எது, ஆணி எது என்று தெரியுமா? முப்பது வருஷம் ஒரு கைக்குப் பழகின சாமானுக்கும் துருப்பிடித்த வண்டிப் பட்டைக்கும் ஒரே விலை போட்டது அந்தத் தராசு. அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கல்யாணத்தில் நான் கை நனைத்ததில்லை. உன் பெரியம்மா இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டுகிறாள்.

உன் அப்பன் அப்படி ரோஷம் காட்டிக்கொண்டு உட்காரவில்லை. வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். கிடைத்தது ஒரே ஒரு குண்டுச் சுத்தி. தலையில் தாத்தாவின் முதலெழுத்து பஞ்ச் அடித்திருக்கும். நோட்டு வாங்க வைத்திருந்த காசைக் கொடுத்து வாங்கி வந்து, அதற்காக வீட்டில் உதையும் வாங்கினான். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறதே, அதுதான். கைப்பிடி எத்தனையோ தரம் மாறியிருக்கும், தலை அதேதான். நீ அட்வான்ஸ் வாங்கியிருக்கிற லாட்டில் அதுவும் சேர்த்தியா என்று உக்கடத்து ஆளைக் கேட்டுச் சொல்.

சின்னப் பையனாக இருந்தபோது உன்னை அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு மியூசியத்துக்கு அழைத்துப் போனான், ஞாபகம் இருக்கும். மியூசியத்தில் செய்து முடித்த சாமானைப் பார்க்கலாம். முடிப்பதற்கு முன்னால் அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். லண்டனில் பேத்தி பிறந்த சமயம் சயின்ஸ் மியூசியத்தில் ஜேம்ஸ் வாட்டின் பட்டறையைப் பார்த்தேன். அவர் 1819இல் இறந்தார். பர்மிங்ஹாம் பக்கம் ஹீத்ஃபீல்டு என்கிற அவர் வீட்டின் மாடியறை அது. நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் வைத்தது வைத்தபடியே கிடந்திருக்கிறது. 1924இல் கதவு, ஜன்னல், தரைப்பலகையோடு 8,000க்கும் மேற்பட்ட சாமான்களையும் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுவந்து அப்படியே அடுக்கினார்கள். நீராவி என்ஜின்காரர் அறையாயிற்றே, என்ஜின் சாமானாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், நடுவில் நிற்பவை ஒரு சிலையைத் தடவிப் பார்த்து இன்னொரு சிலை செதுக்கும் ரெண்டு எந்திரங்கள். கிழவர் ஓய்வுக் காலத்தில் அதில்தான் கிடந்திருக்கிறார். வாலிபத்தில் கருவி செய்து பிழைத்த காலத்துச் சாமானையும் எறியவில்லை. அந்த அறையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்ததாம். அதில் அவர் மகன் கிரிகரியின் பள்ளிக்கூட நோட்டுகளும் படங்களும். அந்தப் பையன் 1804இல், 27 வயதில், காச நோயில் போய்விட்டான். உலகத்துக்குத் தெரிந்த வாட் வேறு, அந்தப் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்த வாட் வேறு. அறையை யாராவது ஒழித்திருந்தால் இந்த ரெண்டாவது மனுஷன் இருந்ததே தெரிந்திருக்காது.

நம் ஷெட்டிலும் உன்னுடையது இருக்கிறது. வைஸ் மேஜைக்குக் கீழே ஒரு மணைப்பலகை கிடக்கிறதே, அது எதற்கு என்று நினைத்தாய்? வைஸ் அவனுடைய முழங்கை உயரத்துக்கு மாட்டியது. உனக்கு எட்டாது என்று செய்துபோட்டது. நீ காலேஜுக்குப் போய் இத்தனை வருஷம் ஆகிறது, அவன் அதை நகர்த்தவில்லை. இதற்கு நான் ஒன்றும் வியாக்கியானம் சொல்லப் போவதில்லை. நீயே போய்ப் பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிரில் பிட் டிராயருக்கு அடியில் மாத்திரைப் பட்டைகள் கிடந்தன. இருதயத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தவை. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. அம்மாவிடம் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஆனால் உனக்கும் நாற்பது நெருங்குகிறது. இந்த மாதமே ஒரு நல்ல டாக்டரைப் பார்த்து ரத்தம், பிரஷர், இருதயம் எல்லாம் சோதித்துக்கொள். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. "சரிங்க பெரியப்பா" மட்டும் போதாது.

இப்போது உன் முன்னால் ரெண்டு வழி இருக்கிறது. எதை எடுப்பது என்பது முழுக்க உன் விருப்பம். முதல் வழி, உக்கடத்து ஆள் லாரி கொண்டுவருவான், சாயங்காலத்துக்குள் காலி.

ரெண்டாவது வழிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் எதையும் நகர்த்தாமல் மூலை மூலையாகப் போட்டோ எடு. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் "கால் இஞ்ச்", "மூணு நூல்" என்று அவன் கையால் எழுதியிருக்கிறானே, அதுவும் சேர்த்து. பிறகு, கதவுக்குப் பக்கத்து அலமாரியில் கயிறு கட்டிச் சீட்டு மாட்டியிருப்பதெல்லாம் ஊரார் பொருள். டீச்சரம்மா மிக்ஸி, டெய்லர் மிஷின் சக்கரம், யாருடையதோ பம்ப் வால்வு. ரிப்பேர் ஆனதோ ஆகவில்லையோ, வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிடு. செத்தவன் பேரில் ஒரு வால்வுக் கடன்கூட நிற்கக் கூடாது. சாயங்காலம் கூடமாட வேலைக்கு வருவானே ஒரு பையன், அவனை உட்காரவைத்து அங்கே இருக்கிற ஜிக், ஃபிக்ஸர் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள். அவையெல்லாம் உன் அப்பன் ஒவ்வொரு வேலைக்கென்று தானே செய்துகொண்டவை. செய்தவனும் இல்லை, கூட இருந்து பார்த்தவனும் மறந்துவிட்டான் என்றால் அப்புறம் அவை நிஜமாகவே பழைய இரும்புதான்.

லேத்தை விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் லேத்து ஓட்டுகிறவனுக்கு விற்றுவிடு. ஆவாரம்பாளையத்தில், கணபதியில் சொல்லி வைத்தால் புதிதாகத் தொழில் தொடங்குகிற பையன் எவனாவது வருவான். ரெண்டாயிரம் மூவாயிரம் குறைத்துக் கேட்டாலும் பரவாயில்லை, கொடு. ஒன்றே ஒன்று, பெட்டில் சங்கிலியைக் கண்டபடி போட்டுத் தூக்க விடாதே. அதை மட்டம் பார்த்து உட்காரவைக்க உன் அப்பன் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தான். அதுவரை துரு ஏறாமல் பெட்டுக்கு எண்ணெய் விட ஆள் ஏற்பாடு செய். மைக்ரோமீட்டர், சுத்தி, அந்தப் பலகை, 127 பல் கியர், இந்த நாலையும் உன்னோடு பெங்களூருக்குக் கொண்டுபோ. ஃபிளாட்டில் இடமில்லை என்று சொல்லாதே, அந்தப் பெரிய டிவிக்கு இடம் இருந்ததல்லவா?

நிறையப் பேசிவிட்டேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பனை இழந்த பையனுக்கு இப்படியா எழுதுவது" என்கிறாள். நீ பொறுப்பில்லாதவன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை கண்ணு. ஆஸ்பத்திரியில் ராத்திரி ராத்திரியாக நாற்காலியிலேயே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டாயே, அதை நம் சொந்தத்தில் எந்தப் பிள்ளையும் செய்ததில்லை. அப்படிப் பார்த்துக்கொண்ட பிள்ளை கருமாதியில்கூட அழாமல், இப்போது ஷெட்டை இடிக்கிறேன் என்று நிற்கிறானே என்பதுதான் என் பயம். அழுகை வந்தால் அழுதுவிடு, வெட்கப்படாதே. நீ லைன் வீடுதான் கட்டுவேன் என்றாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதல் செங்கலை நானே எடுத்துத் தருகிறேன், பூஜைச் செலவும் என்னுடையது. மருமகளையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு லீவுக்கு இங்கே வந்து பத்து நாள் தங்கு. தோப்பில் இளநீர் நிறைய நிற்கிறது. பெரியம்மா உனக்குப் பிடித்த கம்மஞ்சோறும் அரைத்துவிட்ட குழம்பும் செய்து போடுவாள். பணம் வேண்டுமென்றால் கூசாமல் கேள், திருப்பித் தர வேண்டாம். நீ சந்தோஷமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா

பின்குறிப்பு: உக்கடத்து ஆளிடம் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று உடனே எழுது. அவர் போன் நம்பரையும் அனுப்பு, திருப்பிக் கொடுக்கிற பேச்சை நான் பேசிக்கொள்கிறேன்.