செவியில் விழும் எழுத்து

நுழையும்முன்

கண்ணால் காண்பது எழுத்து, காதால் கேட்பது பேச்சு என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். கணினியும் திறன்பேசியும் இந்த எல்லைக்கோட்டை அழித்து நெடுநாளாயிற்று. எழுத்தைக் காதால் படிப்போரும் பேச்சைக் கண்ணால் அறிவோரும் நம்முடன் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். மின்னூடகத்தின் கதவு அவர்களுக்கு எங்கே திறக்கிறது, எங்கே அடைபடுகிறது என்பதைத் தமிழ் எழுத்தின் வழியாக இப்பாடம் ஆராய்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அவருடைய திறன்பேசிக்கு இரண்டு கோப்புகள் வருகின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே பாடக்குறிப்புதான். முதற்கோப்பைத் திறந்ததும் திறன்பேசி பாடத்தை வரிவரியாகப் படித்துக்காட்டுகிறது. இரண்டாவதைத் திறந்தால் “படம்” என்னும் ஒரு சொல்லோடு அமைதியாகிவிடுகிறது. பார்வையுடைய தோழியோ இரண்டு கோப்புகளையும் தடையின்றிப் படிக்கிறார். முதற்கோப்பு தட்டச்சு செய்யப்பட்டது; இரண்டாவது, கையெழுத்துக் குறிப்பேட்டின் ஒளிப்படம். குறிப்புகளைப் படம்பிடித்துப் புலனக்குழுவில் அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் சேர்த்துவிட்டோம் என்று நிறைவடையும் வழக்கம் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் உண்டு.

விரலும் செவியும்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெய்ல் (1809 – 1852) இளமையிலேயே பார்வையை இழந்தவர். தம் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்து முறையை அவர் உருவாக்கினார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951இல் ஏற்கப்பட்டது. தமிழ் பிரெய்லும் அதன்வழி அமைந்ததே. ஆனால், அச்சில் ஒரே தொகுதியாக உள்ள பாடநூல் பிரெய்லில் பல தொகுதிகளாகப் பெருகும். தூக்கிச் செல்வதும் அரிது. வேண்டியபோது கிடைப்பதும் அரிது.

கணினி இந்த இடர்ப்பாட்டை எளிதாக்கியது. திரையில் உள்ள எழுத்தை ஒலியாக மாற்றும் மென்பொருளைத் திரைபடிப்பான் என்பர். இவற்றுள் என்விடிஏ என்பது குறிப்பிடத்தக்கது. மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே ஆகிய ஆஸ்திரேலியர் இருவரின் உழைப்பில் வளர்ந்த மென்பொருள் அது. இருவரும் பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்கவேண்டிய திரைபடிப்பான்கள் பலருக்கு எட்டாத உயரத்தில் இருந்ததை உணர்ந்த கரன் 2006இல் இப்பணியைத் தொடங்கினார். இன்றும் அதை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். தமிழையும் அது படிக்கும்.

வழவழப்பான தொடுதிரை பார்வையற்றோருக்கு எவ்வாறு பயன்படும் என்னும் ஐயம் எழலாம். திரைமீது விரல் நகரும்போது விரலுக்குக் கீழுள்ள பொத்தானின் பெயரைத் திறன்பேசி சொல்லும். அதுவே வேண்டியது என்றால் இருமுறை தட்டவேண்டும். 2009இல் ஐபோனில் இவ்வசதி இடம்பெற்றது. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளிலும் இத்தகைய வசதி உண்டு. ஆயினும், பொத்தானுக்குப் பெயரிட மறந்த செயலியில் விரலை எங்கே வைத்தாலும் “பொத்தான், பொத்தான்” என்றே கேட்கும்.

ஒரு சொல், இரு பிறப்பு

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்கள் உண்டு என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். கணினி, மூன்றாவதாக ஒரு வடிவத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. அது எண்வடிவம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. திரையில் நாம் காண்பது அந்த எண்ணுக்கு எழுத்துரு அணிவித்த உடை மட்டுமே. திரைபடிப்பான் உடையைக் காண்பதில்லை, எண்ணைத்தான் காண்கிறது.

தமிழ் கணினிக்கு வந்த தொடக்கக் காலத்தில் எழுத்துருக்கள் பலவும் தத்தம் விருப்பப்படி எண்களை வகுத்துக்கொண்டன. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவையும் அவற்றுள் உண்டு. அவற்றுள் ஒன்றான பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால், திரையில் ‘அம்மா’ என்றே தோன்றும். கணினியின் உள்ளத்தில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். திரைபடிப்பான் அவற்றைத்தான் படிக்கும். ‘அம்மா’ என்னும் சொல் கண்ணுக்கு அன்னையாகவும் காதுக்குப் பொருளற்ற ஓசையாகவும் பிறந்தது. அக்காலத்தில் இவ்வாறு உருவான எத்தனையோ தமிழ்க் கோப்புகள் இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன.

1999இல் தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்து ஓர் ஒழுங்கை உண்டாக்க முயன்றது. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி, 1991இல் வெளிவந்த தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கும் இடமளித்திருந்தது. 2010இல் ஒருங்குறி தமிழக அரசின் தரங்களுள் ஒன்றானது.

இங்கே இலக்கண மாணவர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ‘கை’ என்று எழுதும்போது ஐகாரக் குறியை முன்னே எழுதிக் ககரத்தைப் பின்னே எழுதுகிறோம். ‘கெ’, ‘கே’ என்பனவும் அத்தகையனவே. ஒலிக்கும்போதோ மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கிறோம். உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. பழைய எழுத்துருக்கள் பல கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி குறியை முன்வைத்தன. ஒருங்குறியோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகச் சேமிக்கிறது. தமிழ் பிரெய்லிலும் மெய்யை அடுத்தே உயிர்க்குறி வரும். விரலால் படிப்பவருக்கும் செவியால் படிப்பவருக்கும் தொல்காப்பிய வரிசையே உதவுகிறது!

தெரிந்து தெளிவோம்

‘ஔவை’ என்னும் சொல்லின் முதலெழுத்து ஒரே எழுத்து. விசையைத் தேடும் சோம்பலால் சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. திரைபடிப்பானோ ‘ஒ, ள, வை’ என்று படிக்கும். தேடுபொறியும் இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கொள்ள நேரிடும்.

எண் சரியாக அமைந்தபின்னும் உச்சரிப்புச் சிக்கல் எஞ்சியிருக்கிறது. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் வரும் ககரம் மூன்று வகையாக ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கவேண்டும் என்பதை விதியாக எழுதிப் பொறிக்குக் கற்பிக்கவேண்டும். ‘பாவம்’ என்னும் சொல் தீவினையைக் குறிக்கிறதா, நாட்டியத்தின் மெய்ப்பாட்டைக் குறிக்கிறதா என்பதை அறிய விதியும் போதாது. சொல் நிற்கும் இடத்தையும் நோக்கவேண்டும். ஒலிப்பிறப்பும் புணர்ச்சியும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கப்படுவன என்று கருதும் மாணவர்கள், தமிழைப் பேசும் பொறியை ஆக்குவோருக்கு இவ்விரண்டும் அன்றாடத் தேவை என்பதை அறியவேண்டும்.

ஒளிப்படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள்களும் வந்துள்ளன. அச்செழுத்தை அவை பெரும்பாலும் பிழையின்றி உணர்கின்றன. எனினும், ரகரத்தையும் காலையும் மாற்றி உணர்ந்து ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ ஆக்கிவிடுவதும் உண்டு. கையெழுத்தாயின் பிழை இன்னும் பெருகும்.

சொல்லால் வரையும் ஓவியம்

பாடத்தில் வரும் படத்தைத் திரைபடிப்பான் தானாகவே சரியாக விளக்கிவிடும் என்று நம்பியிருக்க இயலாது. படத்தோடு இணைத்து எழுதப்பட்ட மாற்றுரையை அது படிக்கும். தஞ்சைப் பெரிய கோவிலின் படத்துக்குப் ‘படம் 1’ என்று எழுதினால் எதுவும் விளங்காது. ‘கோவில்’ என்று எழுதினாலும் போதாது. கட்டடக்கலை பற்றிய பாடமாயின், ‘மேலே செல்லச் செல்லக் குறுகி உயரும் 13 நிலைகளைக் கொண்ட விமானம், உச்சியில் உருண்டையான சிகரம்’ என்று எழுதலாம். சுற்றுலா பற்றிய பாடமாயின் மக்கள் கூட்டமும் பரந்த முற்றமும் முதன்மை பெறும். படம் அங்கே எதற்காக வைக்கப்பட்டது என்பதே மாற்றுரையைத் தீர்மானிக்கிறது. வெறும் அழகுக்காக வைத்த பூங்கொடிக்கு மாற்றுரை தேவையில்லை. சொன்னால் படிப்பவரின் நேரம்தான் வீணாகும். இது பொறியாளரின் வேலை என்று ஒதுக்கத்தக்கதன்று. சொல்லைத் தேர்ந்து சுருங்கச் சொல்லப் பழகிய மொழி மாணவரின் வேலை.

தலைப்பு அமைப்பதிலும் இத்தகைய நுட்பம் உண்டு. தடித்த எழுத்தில் இருந்தாலே தலைப்பு என்று கண் புரிந்துகொள்ளும். திரைபடிப்பானுக்கோ அதைத் தலைப்பு என்று குறித்துத் தரவேண்டும். அவ்வாறு குறித்திருந்தால் பயனர் ஒரே விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வார். இல்லையேல், நூறு பக்கக் கோப்பை முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டியதுதான். ‘இங்கே சொடுக்குக’ என்னும் இணைப்புகளும் அத்தகையனவே. இணைப்புகளை மட்டும் தொகுத்துக் கேட்பவருக்குப் பத்து முறையும் ‘இங்கே சொடுக்குக’ என்றே ஒலிக்கும்.

பிற தடைகள்

செவித்திறன் குறையுடையோருக்குக் காணொலியில் துணையுரை வேண்டும். பேச்சை மட்டுமன்றி, கதவு தட்டும் ஓசை, இடியோசை போன்றவற்றையும் அது எழுத்தில் தரவேண்டும். சைகைமொழியையே முதல்மொழியாகக் கொண்டவருக்குத் துணையுரையும் இரண்டாம் மொழிதான். 2015இல் அமைக்கப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 3000 சொற்களைக் கொண்ட அகராதியை 2018இல் வெளியிட்டது. கை நடுக்கமுடையோர் சுட்டியைப் பிடிக்க இயலாது; அவர்களுக்கு எல்லாப் பணிகளும் விசைப்பலகையாலேயே முடியவேண்டும். இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தம் இறுதி ஆண்டுகளில் கன்னத் தசையின் அசைவால் கணினியை இயக்கி எழுதினார். வெளிர்சாம்பல் எழுத்தை வெண்மைப் பின்னணியில் இடுவது சிலருக்கு அழகாகத் தோன்றலாம். மங்கிய பார்வையுடையோருக்கு அது வெற்றுத்தாளே. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருக்கவேண்டும் என்று பன்னாட்டு வலைநெறிமுறைகள் வகுத்துள்ளன.

கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டி, ‘நீங்கள் மனிதர்தாம் என்று மெய்ப்பியுங்கள்’ என்று கேட்கும் இணையப் பக்கங்கள் பல. பார்வையற்ற மனிதர் அத்தேர்வில் தோற்றுவிடுகிறார். பயிற்சி பெற்ற பொறியோ வென்றுவிடுகிறது.

சட்டத்தின் குரல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டதோடு, மின்னணு ஊடகங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாய் இருக்கவேண்டும் என்றும் விதித்தது. நூல்களை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றுவது பதிப்புரிமை மீறலாகாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. இதே நோக்கில் 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளித்த முதல் நாடு இந்தியாவே.

ஆயினும், சட்டம் வந்தபின்னும் வழக்குமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. அமிலவீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்கள் வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றனர். அடையாளச் சரிபார்ப்புக்காகக் கண்ணிமைத்துக் காட்டவேண்டும் என்றது கணினிமுறை. இமைக்க இயலாதவர் என்ன செய்வார்? 30 ஏப்ரல் 2025 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மின்வழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. சரிபார்ப்பு முறையை மாற்றியமைக்க 20 வழிகாட்டுதல்களையும் வழங்கியது. அவ்வுரிமை, மாணவி ஒருவரின் கைக்கு வந்து சேரும் பாடக்குறிப்புக்கும் பொருந்தும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் திறன்பேசியில் திரைபடிப்பானை இயக்கிக் கண்களை மூடிக்கொண்டு, இப்பாடத்தின் மின்பதிப்பில் ஒரு பத்தியைக் கேளுங்கள். தவறாக ஒலித்த சொற்களைப் பட்டியலிட்டு, அதற்கான காரணம் எழுத்தா, எண்ணா, உச்சரிப்பா என வகைப்படுத்துக.

2. இந்நூலில் உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றுக்கு முப்பது சொற்களுக்கு மிகாமல் மாற்றுரை எழுதுக. படத்தைக் காணாத நண்பரிடம் அதைப் படித்துக்காட்டி, அவர் மனத்தில் தோன்றியதை வரையச் செய்து ஒப்பிடுக.

3. வகுப்புக் குழுவில் சென்ற வாரம் பகிரப்பட்ட ஒளிப்படக் குறிப்புகளை, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பகிர்ந்துகொண்டு ஒருங்குறியில் தட்டச்சு செய்து அனுப்புக.